ஒரு வண்டிக்கு இரண்டு ஜெனரேட்டர் எதற்கு?

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் எனும் வீட்டு வண்டி வைத்திருப்போரிடையே ஓயாத விவாதம் இது: வண்டியோடு வரும் ஜெனரேட்டர் போதாதென்று, கையில் தூக்கும் ஒன்றையும் ஏற்றிக்கொள்ள வேண்டுமா? பெரும்பாலோருக்கு வேண்டாம் என்பதே என் கணிப்பு. உள்ளே பொருத்திய 4000 வாட் இயந்திரம் கூரை ஏசியைச் சுலபமாக இழுக்கும். பெட்ரோல் வண்டிகளில் எரிபொருளும் வண்டியின் டேங்கிலிருந்தே வரும். டேங்க் ஏறத்தாழ கால்பங்குக்கு இறங்கினால் ஜெனரேட்டர் நின்றுவிடும்படி குழாய் அமைத்திருப்பதால், ஊர் திரும்பப் பெட்ரோல் மிஞ்சும்.

பேட்டரி சார்ஜுக்கு அவ்வளவு பெரிய இயந்திரமா, 2000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் சத்தமும் செலவும் குறைவாயிற்றே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு 20 கிலோ எடை, தனிப் பெட்ரோல் கேன், திருட்டுப் பயம் எல்லாம் உண்டு. ஏசியைக் கிளப்பவும் திணறும். அந்தச் சிறு தேவையைச் சோலார் பலகையும் லித்தியம் பேட்டரியும் சத்தமின்றித் தீர்க்கும். பெரியது பழுதானால் என்ன செய்வது என்பது வலுவான கேள்வி. அது கெடுவதே பெரும்பாலும் ஓட்டாமல் போட்டுவைப்பதால்தான். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படியும். மாதம் ஒருமுறை லோடு கொடுத்து ஓட்டுவதே மருந்து. சிறியதை நம்பினால் பெரியது இன்னும் சீக்கிரம் கெடும். அரிசோனாப் பாலைவனத்தில் மின் இணைப்பின்றி வாரக்கணக்கில் தங்குவோருக்கு மட்டும் இரண்டாவது நியாயம்.