தேதி சொல்லாத விருந்தாளி

தீபாவளிக்குத் தேதி உண்டு, பொங்கலுக்குத் தேதி உண்டு, ஆடிப்பெருக்குக்கும் உண்டு. ஆனால், தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், டர்பன் நகரத்தார் ஆண்டு தோறும் ஆவலோடு எதிர்பார்க்கும் ஒரு விருந்தாளிக்கு மட்டும் எந்தப் பஞ்சாங்கத்திலும் தேதி கிடையாது. ஜூன், ஜூலை மாதங்களில் வருவது வழக்கம். எந்த நாள், எந்தக் கரை என்பதெல்லாம் கடலுக்கே வெளிச்சம். 2003-ம் ஆண்டைப் போல, வராமலே ஏமாற்றிவிடுவதும் உண்டு!

யார் அந்த விருந்தாளி? சாளை மீன்தான். மத்தி என்று நாம் சொல்லும் மீனுக்குத் தூரத்து உறவு. நீளம் ஒரு சாண். பளபளப்போ, புளி போட்டுத் துலக்கிய வெள்ளிக் கிண்ணம் மாதிரி. கோடிக் கணக்கில் கூட்டம் சேர்ந்து, ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து கரையோரமாகவே வடகிழக்கு நோக்கி வருகிறது. இதை அங்கே "சாளை ஓட்டம்" என்கிறார்கள்.

நமக்கு ஆனி, ஆடி என்றால், அந்த நாட்டில் அது குளிர்காலம். குளிர்ந்த நீர்தான் சாளைக்குப் பிடிக்கும். டர்பன் பக்கத்துக் கடலிலோ, அகல்ஹாஸ் என்னும் வெந்நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கே பாய்ந்துகொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் மட்டும் அந்த நீரோட்டத்துக்கும் கரைக்கும் நடுவே குளிர்ந்த நீர் ஒரு சந்து போலப் பரவுகிறது. சாளைக் கூட்டம் அந்தச் சந்து வழியாகத்தான் நுழைகிறது.

குறி பார்ப்பவர்கள்

விருந்தாளி தகவல் அனுப்பாவிட்டால் என்ன? வருவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியாதா?

முதல் குறி, நீரின் குளிர்ச்சி. ஏறக்குறைய 21 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால்தான் நம்பிக்கை பிறக்கும். இரண்டாவது, காற்றும் அலையும். கடல் அமைதியாக இருந்து, நிலத்திலிருந்து இதமான காற்று வீசினால் முகங்கள் மலரும். வடகீழ்க்காற்று பலமாக அடித்தாலோ, "இன்றைக்கு இல்லை" என்று கூடையைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் பெரிய குறி பறவைகள். கானெட் என்னும் வெள்ளைக் கடற்பறவைகள் வானத்தில் வட்டமிட்டு, திடீரென்று இறக்கையை மடக்கிக்கொண்டு எய்த அம்பு போல நீருக்குள் பாயும். அதற்குக் கீழே சாளை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கூடவே ஆயிரக் கணக்கான டால்பின்கள், சுறாக்கள், திமிங்கிலங்கள்! கல்யாணக் கோஷ்டிக்கு முன்னால் மேளம் வருகிற மாதிரி, சாளைக்கு முன்னும் பின்னும் இந்தப் பரிவாரம்.

கரையில் நிற்கிறவர்கள் கண்ணை மட்டும் நம்பியிருப்பதில்லை. 1964-ம் ஆண்டு அமைக்கப்பட்ட சுறா வாரியம் ஒன்று அங்கே இருக்கிறது. குளிப்பவர்களைச் சுறாவிடமிருந்து காப்பாற்றக் கடலில் வலை கட்டுவது அதன் வேலை. சாளை வரும் பருவத்தில் அதன் விமானம் கரையோரம் பறந்து, கூட்டம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும். கூட்டம் நெருங்கினால் வலைகளைக் கழற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால், சாளையைத் துரத்தி வரும் சுறாவும் டால்பினும் சிக்கி மடிந்துபோகும். அதுவரை கடலில் குளிக்கத் தடை.

அந்த ஒரு நாள்

போர்ட் எட்வர்ட், மார்கேட், ஸ்காட்பர்க் என்று தெற்கேயுள்ள ஊர்களிலிருந்து செய்தி ஒவ்வொன்றாக வரும். கரைவலைக்காரர்கள் படகோடு தயார். வலையை வளைத்துப் போட்டுக் கரைக்கு இழுக்கும்போது பார்க்க வேண்டுமே! வாளி கொண்டு வந்தவர்கள் வாளியில் அள்ளுவார்கள்; கொண்டு வராத பெண்கள் பாவாடையை மடியாகப் பிடித்துக்கொண்டு அள்ளுவார்கள். முதல் நாள் மீனுக்கு யானை விலை. வரத்து பெருகப் பெருக விலை இறங்கிவிடும்.

தூண்டில்காரர்களுக்கோ இது இரட்டைத் திருவிழா. சாளை அவர்களுக்கு இரை. ஒரு துண்டை மெல்லிய நூலால் முள்ளோடு சுற்றிக் கட்டி எறிந்தால், ஷாட், காரிக் போன்ற பெரிய மீன்கள் அகப்படும். வருஷம் முழுவதும் வேண்டிய இரையைச் சேர்த்து வைப்பதும் அப்போதுதான். குளிர்ப்பெட்டியில் குழம்புக்கு வைத்த மீனும் தூண்டிலுக்கு வைத்த மீனும் இடத்துக்குச் சண்டை போடும். வீட்டுக்கார அம்மாள் யார் பக்கம் தீர்ப்புச் சொல்வாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை!

இந்தக் கரையோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. 1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து "ட்ரூரோ" என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலும் பின்னால் வந்த கப்பல்களிலும் தமிழர்கள் ஏராளமாக வந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு சிலர் கடலை நாடினார்கள். துறைமுகத்தின் சால்ஸ்பரித் தீவில் இந்திய மீனவர்கள் குடியிருந்து கரைவலை இழுத்தார்கள். பிறகு அந்தத் தீவு கடற்படைக்குப் போயிற்று. குடிகள் இடம் பெயர்ந்தார்கள். நிற வேற்றுமைச் சட்டம் கடற்கரையைக்கூடப் பங்கு போட்டிருந்த காலமும் ஒன்று இருந்தது. 1990-ல் அந்தச் சட்டம் ஒழிந்தது. இப்போது சாளை வரும் நாளில் எல்லோரும் ஒரே அலையில்தான் நனைகிறார்கள். அன்று மாலை இந்திய வீடுகளில் புளியும் மிளகாயும் சேர்ந்து கொதிக்கும் மணம் தெருக்கோடி வரை வரும்.

வழி தவறிய பயணம்

இத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவே, சாளையின் நிலை என்ன? 2021-ம் ஆண்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சி மனத்தை உருக்குகிறது. இந்த மீன்களின் பரம்பரைக் கூறுகளைப் பரிசோதித்ததில், இவை குளிர்ந்த மேற்குக் கடலைச் சேர்ந்த இனம் என்று தெரிந்தது. தென்கிழக்குக் கரையில் ஆழத்திலிருந்து திடீரென்று குளிர்நீர் பொங்கி மேலே வரும்போது, நம் வீட்டு நீர் என்று நம்பி வந்துவிடுகின்றன. பொங்கல் அடங்கியதும் ஒரு பக்கம் கரை, மறு பக்கம் வெந்நீர். பின்னால் பசித்த பகைவர் கூட்டம். பிழைக்கப் புறப்பட்ட பயணமல்ல; அது ஒரு பொறி!

இன்னொரு செய்தியும் கேளுங்கள். 1946 முதல் 2012 வரை பத்திரிகைகளில் வந்த சாளைச் செய்திகளைத் திரட்டி, வந்த நாட்களை ஆராய்ந்தார்கள். பத்தாண்டுக்கு ஒன்றேகால் நாளுக்குச் சற்று அதிகமாக வருகை பிந்திக்கொண்டே போயிருக்கிறது என்று 2019-ல் வெளியிட்டார்கள். கடல் சூடேறுவதை அவர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். அறுபத்தாறு ஆண்டில் ஒரு வாரத்துக்கு மேல் தாமதம். "சாளை வந்துவிட்டது!" என்று குதூகலத்தோடு அச்சடித்த பழைய செய்திகள், கடலின் காய்ச்சலை அளக்கும் கருவியாகிவிட்டன, பாருங்கள்.

வெந்நீர் இன்னும் பரவினால், அந்தக் குளிர்ந்த சந்து அடைபட்டுவிடக்கூடும். அப்போது கானெட் எங்கே பாயும்? கரைவலையில் எது விழும்? தேதி சொல்லாமல் வருகிற விருந்தாளியைப் பொறுத்துக்கொள்ளலாம். விருந்தாளி வரும் வழியையே அடைத்துவிட்டு, இலை போட்டுக் காத்திருப்பதில் என்ன பயன்?