கீழிலை காயும்வரை

2022ஆம் ஆண்டு நோன்பில் எங்கள் வீட்டுக் கஞ்சியில் வெள்ளைப்பூடு இல்லை. கேஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. கடையில் சீனப் பூடு விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். உம்மா குறை ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சியைக் குடித்து முடித்த பிறகு, "அடுத்த நோம்புக்கு நம்மட மண்ணுல போடு மகன்" என்றார்.

தெல்தோட்டைப் பக்கம் எங்கள் ஊர். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை வைத்த லூல்கந்துர தோட்டம் அதிக தூரமில்லை. கண்டி நகரத்து வெக்கையில் பூடு இலை விடும், கிழங்கு சரியாகக் கட்டாது. இங்கே குளிர் கொஞ்சம் கைகொடுக்கும். நுவரெலியாவில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் விதைப்பூடு தந்தார். அந்த நவம்பரில் பல் பல்லாகப் பிரித்து, முளைப்பக்கம் மேலே இருக்க, ஒரு பாத்தி முழுக்க நட்டேன்.

மார்ச் கடைசியில் நோன்பு வந்தது. அந்த வருடம் உம்மாவுக்கு நோன்பு இல்லை. சீனி வருத்தம், டொக்டர் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். அதற்குப் பதிலாகத்தான் கஞ்சிப் பானையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார் போலும். பூடு எப்போது என்று என்னிடம் கேட்கவில்லை. பாத்தியருகே போய்ப் பார்த்து வருவார், அவ்வளவுதான்.

எனக்குத்தான் பொறுமை இல்லை. முதல் நோன்பன்று பின்னேரம் மண்வெட்டியை எடுத்தேன். கீழே ஓரிலைதான் மஞ்சளாகியிருந்தது.

"கீழெல நாலு காயட்டும் மகன். இப்ப புடுங்கினா பல்லு பிரிஞ்சிரிக்காது."

ஆசிரியர் கலாசாலையில் விவசாயம் படித்தவன் நான். நட்டு நாலு மாதம் கடந்துவிட்டது என்று கணக்குச் சொல்லி, பாத்தியில் பாதியைத் தோண்டினேன். வந்தவை சின்ன வெங்காயம் போன்ற உருண்டைகள். வெட்டிப் பார்த்தால் பல்லே கட்டவில்லை. உம்மா அதையும் நசுக்கிக் கஞ்சியில் போட்டார். வாசம் வந்தது. அவர் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாயிருந்தது. வகுப்பில் 'அவசரப்படாதே' என்று ஒரு நாளைக்குப் பத்துத்தரம் சொல்கிறவன் நான்.

மிச்சப் பாதிக்கு அவரே பொறுப்பு. தண்ணீரை நிறுத்தச் சொன்னார். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஒரு செடியருகே மண்ணை விரலால் விலக்கி, கிழங்கைத் தடவி, திரும்ப மூடுவார். பற்கள் புடைத்துக் கையில் தட்டுப்பட வேண்டும். அதற்காக முழுக்கக் காயவிடவும் கூடாது. பூடு போர்த்தியிருக்கும் ஒவ்வொரு தோலும் ஓர் இலையின் அடி. இலைகளெல்லாம் செத்தால் தோலும் உக்கும், பல் சிதறும். இதை நான் பிறகு புத்தகத்தில் வாசித்தேன். உம்மா எந்தப் புத்தகத்தில் வாசித்தார்? சித்திரை மழை வேறு பின்னேரங்களில் இருண்டுகொண்டு வந்தது. ஈரத்தில் கிடந்தால் அழுகிவிடும்.

கீழே நாலிலை காய்ந்து, மேலே ஐந்தாறு பச்சையாக நின்ற ஒரு காலை, "இண்டைக்கு" என்றார். இருபத்தோராம் நோன்பு. தாளைப் பிடித்து இழுக்காமல், அடிமண்ணைத் தளர்த்தித் தூக்கினோம். சின்னப் பூடுதான், கடைப் பூடு அளவில் பாதி இராது. ஆனால் தோல் கிழியாமல், எட்டு ஒன்பது பல்லோடு வந்தது. தாளோடு கட்டி, குசினித் தாழ்வார நிழலில் தொங்கவிட்டோம்.

அன்றைய கஞ்சிக்கு இரண்டை மட்டும் உரித்தார். பெரியதாய்ப் பத்தைத் தனியே எடுத்து வைத்து, "இது வெதைக்கு. தொடாத" என்றார்.

எல்லோருக்கும் கோப்பைகளில் கஞ்சி ஊற்றினார். தனக்கும் ஒன்று ஊற்றி முன்னால் வைத்துக்கொண்டு, பாங்கு சொல்லுமட்டும் எங்களோடு காத்திருந்தார்.