எஸ்டேட் சத்தம்

ஜி ஜீரோ ஒன் என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ. எம் ஜீரோ சிக்ஸ் என்றால் டூலை மாற்று. எம் ஜீரோ எயிட், கூலன்ட்டைத் திற. சென்னை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கற்றுக்கொண்ட இந்த சி.என்.சி. மெஷின் மொழி, சிங்கப்பூரின் துவாஸிலும் ஓர் எழுத்து மாறாமல் செல்லுபடியாகிறது. அதே ஃபேனக் கன்ட்ரோல், அதே பச்சை பட்டன், அதே சிவப்பு பட்டன். கடல் தாண்டி வந்தவனுக்கு வேலை சட்டென்று பிடிபட்டது இந்த ஒற்றுமையால்தான். ஏக்கம் விடாமல் இருப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். எல்லாமே மாறியிருந்தால் மறந்திருப்பேன். மெஷின் மாறவில்லை. அதைச் சுற்றி இருந்ததெல்லாம் போய்விட்டது.

முதலில் அந்தச் சத்தம். பட்டரவாக்கத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று எஸ்டேட்டுக்குள் வேகமாக நடந்தவர் நீங்களும் என்றால், நான் சொல்வது புரியும். எந்த ஷெட்டில் எந்த மெஷின் ஓடுகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். டர்னிங் சென்டர் என்றால் சக் சுற்ற ஆரம்பித்து வேகம் பிடிக்கும்போது ஓர் ஏறுகுரல் கேட்கும். வெட்டு முடிந்ததும் டரட் பின்வாங்கி, டக்கென்று அடுத்த டூலுக்குத் திரும்பும். ஷாஃப்ட், புஷ், பின், புல்லி, உருண்டையாக எது வந்தாலும் அந்த மெஷினுக்குத்தான் போகும். அடுத்த ஷெட்டில் வி.எம்.சி. எனும் செங்குத்து மில்லிங் மெஷின். அங்கே வெட்டப்படும் ஜாப் சுற்றாது, டூல்தான் சுற்றும். பிராக்கெட், ஹவுசிங், அச்சுகளின் குழி என்று தட்டையானதும் பள்ளமானதும் அதில். டூலை மாற்றும் ஒவ்வொரு முறையும் காற்று புஸ்ஸென்று பீச்சும். தகட்டு வேலை நடக்கும் ஷெட் என்றால் லேசர் கட்டிங்கின் நீண்ட சீறல், பக்கத்தில் தகட்டை மடிக்கும் பிரஸ் பிரேக்கின் முனகல்.

வயர்கட் மட்டும் ஊமை. கால் மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி தண்ணீருக்குள் இறங்கி, ஜாபைத் தொடாமலே, தீப்பொறியால் மட்டும் கெட்டிப்படுத்திய எஃகை அரித்து வழி பண்ணிக்கொண்டு போகும். பிரஸ்ஸுக்கான டையும் பஞ்சும் செய்ய அதைவிட்டால் கதியில்லை. ராத்திரி முழுக்க அதுபாட்டுக்கு ஓடும். அதன் அருகில் அட்டையை விரித்துப் படுத்தால் வரும் தூக்கம் இங்கே எந்த மெத்தையிலும் எனக்கு வந்ததில்லை.

துவாஸில் மெஷின்கள் கதவடைத்த பெட்டிகள். ஜாபை ஏற்றி இறக்குவது ரோபோ கை. ஐந்து அச்சிலும் ஒரே நேரத்தில் திரும்பி, நாங்கள் நாலு செட்டிங்கில் முடித்ததை ஒரே பிடியில் முடித்துவிடுகிறது. ஏசி உண்டு, தரை பளபளக்கிறது, காதில் அடைப்பான் கட்டாயம். டூல் தேய்கிறதா என்பதைத் திரையில் லோடு மீட்டர் சதவீதமாகக் காட்டும். நல்ல வேலை, நல்ல சம்பளம், இல்லையென்று சொல்லமாட்டேன். காதுக்குத்தான் வேலையில்லை.

எங்கள் ஷெட்டில் காதுதான் பிரதானம். செட்டரை நாங்கள் மாஸ்டர் என்போம். எச்.எம்.டி. சென்டர் லேத்தில் கையால் ஓட்டிப் பழகி, நாற்பது வயதுக்கு மேல் சி.என்.சி.க்கு வந்தவர். ஆங்கில மேனுவலை அவர் புரட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் திரையில் ஓடும் புரோகிராமில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் டீ கிளாசோடு நடந்து போகிறபோதே நின்றுவிடுவார். மெஷினின் சத்தம் மாறினாலும் அப்படித்தான். "தம்பி, அழுவுது பாரு. இன்சர்ட்ட மாத்து" என்பார். எனக்கு எதுவும் கேட்டிருக்காது. கதவைத் திறந்து பார்த்தால் இன்சர்ட்டின் மூக்கு போயிருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஹெட்ஸ்டாக்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "பேரிங் ஒரு மாசம் தாங்கும். முதலாளிகிட்ட இப்பவே சொல்லி வை."

ஜாபில் டூலை டச் ஆஃப் செய்வதை, அதாவது டூலின் நுனி ஜாபைத் தொடும் இடத்தைக் கண்டுபிடிப்பதை, அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த விதம் இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. தினத்தந்தியின் ஓரத்தைக் கிழித்து ஜாபின் மேல் வைப்பார். ஒரு கை ஹேண்ட்வீலை ஒவ்வொரு கிளிக்காக இறக்கும், ஒரு கிளிக்குக்குப் பத்து மைக்ரான். மறு கை காகிதத்தை முன்னும் பின்னும் மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். இழுபடும், இழுபடும், திடீரென்று காற்றாடி நூல் சுண்டியதுபோல விரலில் ஒரு சின்னப் பிடிப்பு. அங்கே நிறுத்த வேண்டும். காகிதத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதையும் கழித்துத்தான் ஆஃப்செட்டில் போடுவார். என் கையைப் பிடித்து அந்தச் சுண்டலை உணரவைத்துவிட்டு, "இப்ப தெரிஞ்சுதா?" என்றார். தெரிந்தது.

இங்கே அதை ஒரு புரோப் செய்கிறது. முனையில் சின்ன சிவப்பு ரூபிக் குண்டு. ஜாபைத் தொட்டதும் விலகி, எண்ணைத் தானே எழுதிக்கொள்ளும். கான்கார்ட் விமானத்தின் எஞ்சின் குழாய்களை அளக்க 1970களின் தொடக்கத்தில் டேவிட் மெக்மர்ட்ரி என்ற பொறியாளர் உருவாக்கிய கருவி. அருமையான கண்டுபிடிப்பு, பொய் சொல்லாது, களைத்துப்போகாது. அது வேலை செய்யும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எங்கிருந்தோ வந்த கலைதான் இதெல்லாம். 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு மில்லிங் மெஷினைத் துளையிட்ட காகித நாடாவால் ஓட்டிக் காட்டினார்கள், அதிலிருந்து கிளைத்தது. நம் பக்கம் எஸ்டேட் வந்தது 1964இல், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலம். அடுத்த வருடம் ஆவடி டேங்க் ஃபேக்டரியிலிருந்து முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சின்ன ஷெட்கள் முளைத்தன. டிராயிங் வரும், வெட்டிக் கொடுப்பார்கள். கடைசலுக்கு ஒரு ஷெட், துளை போட இன்னொன்று, ஹீட் ட்ரீட்மென்டுக்கு வேறொன்று, கிரைண்டிங்குக்கு மற்றொன்று. ஒரே ஷாஃப்ட் முழுமையாவதற்குள் சைக்கிள் கேரியரிலும் மூன்று சக்கர வண்டியிலும் எஸ்டேட் முழுக்கச் சுற்றிவிட்டு வரும். அந்தத் தெருவே ஒரு ஃபேக்டரி. துவாஸில் எல்லாம் ஒரே கூரைக்குள் முடிகிறது. ஜாபைத் தூக்கிக்கொண்டு போய் "அண்ணா, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுங்கண்ணா" என்று கெஞ்ச இங்கே ஓர் ஆளில்லை.

கரண்ட் கட்டும்கூட எனக்கு ஞாபகம் வருகிறது. மணிக்கணக்கில் கரண்ட் போன 2012ஐ யாரும் மறந்திருக்க முடியாது. மின்சாரம் போனதும் தெருவின் மொத்தச் சத்தமும் ஒரே மூச்சில் அடங்கும். ஷெட் ஷெட்டாக ஆட்கள் எண்ணெய்க் கையோடு வெளியே வந்து டீக்கடை முன்னால் நிற்பார்கள். பேசிக்கொள்வதற்கு நேரம் கிடைத்ததே அப்போதுதான். பழைய மெஷின்களுக்குக் கரண்ட் போனால் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது மறந்துவிடும். திரும்பி வந்ததும் எக்ஸ், இசட் என்று ஒவ்வோர் அச்சாக ரெஃபரன்ஸுக்கு அனுப்பிய பிறகே வேலை. புது மெஷின்கள் எதையும் மறப்பதில்லை.

அப்புறம் திங்கட்கிழமைக் காலையின் கூலன்ட் நாற்றம். ஞாயிறு முழுக்க ஓடாமல் தேங்கிக் கிடந்த கூலன்ட்டில் கிருமி பெருகி, டேங்க் மூடியைத் திறந்தால் அழுகல் வாடை குப்பென்று அடிக்கும். அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டோம். இன்று அந்த வாடையைக்கூடத் தேடுகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். எஸ்டேட்டில் இருந்தவர்கள் சிரிக்கமாட்டீர்கள்.

ஆயுத பூஜையை நான் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாளே மெஷினைத் துடைத்து, கைடுவேயில் எண்ணெய் தடவி, கன்ட்ரோல் பேனலில் சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. மைக்ரோமீட்டரும் வெர்னியரும் பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில். வாசலில் பூசணிக்காய். அன்று மட்டும் பட்டனில் யாரும் கை வைக்கக் கூடாது. இங்கே அந்த நாளில் கோயிலுக்குப் போகிறேன், சுண்டல் கொடுக்கிறார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

எஸ்டேட்டும் நான் விட்டுவந்த இடத்தில் நிற்கவில்லை. ஷெட்கள் இருந்த பல இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள். அவர்களும் புரோகிராம்தான் எழுதுகிறார்கள், நன்றாக இருக்கட்டும். டன்லப் டயர் ஆலையை மூடிய பிறகும் பஸ் ஸ்டாப்புக்கு டன்லப் என்ற பெயர் இருக்கிறது. எங்கள் ஷெட்டின் பெயரைச் சொல்ல ஒரு ஸ்டாப்புமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எஸ்டேட் வெள்ளத்தில் நின்றபோது போனில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்றுத் தண்ணீர் புகுந்தால் சர்வோ மோட்டாரும் டிரைவும் பால் ஸ்க்ரூவும் என்னாகும் என்பது அவற்றைத் துடைத்து வளர்ந்தவனுக்குத் தெரியும். கடன் வாங்கிப் போட்ட மெஷின்கள். அன்று ஷிஃப்டில் நிற்க முடியவில்லை.

அந்தப் படங்களை அனுப்பியவர்களில் மாஸ்டர் இல்லை. அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய ஆட்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் அவருடைய படங்கள் கிடக்கின்றன: வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்பவர், பூசணிக்காயை ஓங்கியவர். ஒன்றிலும் குரலில்லை. 'அழுவுது பாரு' என்று நான் எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன், அது என் குரலில்தான் வருகிறது. பட்டரவாக்கம் பக்கம், மண்ணூர்பேட்டை பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பழைய போனில் ஓர் ஆயுத பூஜை வீடியோ இருந்தால், அதில் மெஷின் மேல் சாய்ந்த ஒரு பையனை அதட்டும் பெரியவரின் குரல் பின்னால் கேட்டால், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள்.