ஆர்மோனியப் பெட்டி



போன வாரம் பேரன் வந்திருந்தான். "தாத்தா, உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, இதுக்கெல்லாம் அர்த்தம் சொல்லுங்க" என்று கைபேசியை நீட்டினான். பெல்ஜியம் நாட்டு ராக் இசைக்குழு ஒன்று. பெயர் 'ஊனிவேர் ஸெரோ'. தானியேல் தெனி என்ற டிரம்ஸ் கலைஞர் தலைமையில் 1974இல் உருவானதாம். 1977இல் வந்த முதல் இசைத்தட்டின் தலைப்புகளைத்தான் கேட்டான்.

'கராபோஸ்' என்றால் பிரெஞ்சுக் கதைகளில் வரும் பொல்லாத தேவதை. 'கொம்ப்ளேந்த்' என்றால் புலம்பல், நம் ஒப்பாரி மாதிரி என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்தது இதற்காவது உதவியதே!

பிறகு கேட்கவும் வைத்தான். ராக் என்றால் கிட்டார் அலறும், ஒருவர் கத்துவார் என்று நினைத்திருந்தேன். இதில் பாட்டே இல்லை. கிட்டாரும் டிரம்ஸும் உண்டு. கூடவே வயலின், வியோலா, பசூன். பசூன் என்பது நம் நாகஸ்வரம் போல சீவாளி வைத்து ஊதும் நீளமான குழல், அடிக்குரலில் பேசும். எல்லாம் சேர்ந்து நள்ளிரவில் சவ ஊர்வலம் போவதைப் போல இருந்தது. நடுவே ஒரு சத்தம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆர்மோனியம்!

என் அப்பா தெருக்கூத்துக்கும் நாடகத்துக்கும் பெட்டி வாசித்தவர். இடக்கையால் துருத்தியை அமுக்கி, வலக்கையால் கட்டைகளில் ஓடுவார். ஊரில் மதிப்பு உண்டு. ஆனால் பிரெஞ்சுப் பள்ளியில் எனக்கு அது வெட்கம். ஒருநாள் படிவத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'கொமெர்சான்', அதாவது வியாபாரி என்று எழுதினேன்.

"என்ன தம்பி எழுதியிருக்கே?"

"பெட்டி வாசிக்கிறவர்னுதான்பா."

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. சிரித்தபடி அடியில் கையெழுத்துப் போட்டார்.

ஆர்மோனியமே பிரெஞ்சுக்காரர் கொடுத்ததுதான். அலெக்சாந்த்ர் தெபேன் 1842இல் பாரிசில் காப்புரிமை வாங்கினார். எந்த மொழிக்காக அப்பாவை மறைத்தேனோ, அந்த மொழிக்காரர்களின் வாத்தியம் அது! நம் நாட்டிலோ அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை ஒதுக்கி வைத்திருந்தது. கூத்துக்காரர்கள் மட்டும் விடவில்லை.

அரசாங்க வேலைக்கு வந்த பின் எத்தனையோ பேருடைய படிவங்களில் பிழை திருத்தியிருக்கிறேன். அந்த ஒன்றைத் திருத்தவில்லை. அப்பா இருந்தவரை அவரிடம் சொல்லவும் இல்லை.

"இந்தப் பெட்டியைத்தான் உன் கொள்ளுத்தாத்தா வாசிச்சார்" என்றேன் பேரனிடம்.

"நிஜமாவா? அவர் கடை வச்சிருந்தார்னுதானே அப்பா சொன்னாங்க?"

என் மகனுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். இப்போது உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஆர்மோனியம் வாசித்தவர்.