நெற்றியில் இருந்த அடையாளம்

அடையாளம் காண்பது எளிதன்று. உயிர்த்த ஆண்டவரோடு எம்மாவுக்கு நடந்த சீடர் இருவரும் வழிநெடுக அவரை அறியவில்லை. அப்பத்தைப் பிட்ட அந்தச் சிறு செயலில்தான் அவர்களுடைய கண்கள் திறந்தன. இதை எத்தனையோ முறை மறையுரையில் சொல்லியிருக்கிறோம். பழைய நிழற்படம் ஒன்று அதை நமக்கே கற்பிக்க வேண்டியதாயிற்று.

நமது அறைவீட்டில் மாட்டியிருக்கும் படம் அது. ஆலய முகப்பில் ஒரு மோட்டார் வண்டி, அருகில் வெண்தாடியுடன் பிரெஞ்சு நாட்டுக் குருவானவர், தலைப்பாகையுடன் உபதேசியார், வண்டியின் மிதிபலகையில் ஏறி நிற்கும் ஒரு சிறுவன். படத்தின் பின்புறம் யாரோ மையால் 1912 என்று எழுதியிருந்தார்கள். ஆலயம் மந்திரிக்கப்பட்ட ஆண்டும் அதுவே.

விழா மலருக்காக அப்படத்தை எடுத்தபோது, எண்பதைக் கடந்த தாய் ஒருவர், "அந்தப் பிள்ளை எங்க அப்பா, சாமி" என்றார். திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினோம். அவருடைய தந்தை பிறந்தது 1916-இல். பிறவாத பிள்ளை வண்டியில் ஏறி நிற்பதெப்படி? பதிவேட்டை அவர்முன் விரித்துக் காட்டினோம். அவர் வாதாடவில்லை. முந்தானையால் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டுப் போய்விட்டார். உண்மையை நிலைநாட்டிய நிறைவு நமக்கு.

சில நாள் கழித்து, நம் பங்கைச் சேர்ந்த முதிய மெக்கானிக் ஒருவர் படத்தைப் பார்த்து, "இந்த வண்டிக்கு முன்னால் ரேடியேட்டரே இல்லையே" என்றார். அச்சொல் நம்மைத் தேட வைத்தது. பழைய வண்டிகளை அறிய முதலில் பார்க்க வேண்டியது முகத்தைத்தான். ஃபோர்டு டி மாடல் என்றால், 1916 வரை ரேடியேட்டரின் சட்டம் பளபளக்கும் பித்தளை. அதன்பின் கறுப்பு வண்ணம். டெலோனே-பெல்வில் என்ற அரிய பிரெஞ்சு வண்டிக்கு முகம் வட்டமானது. ரெனோ வண்டிகளிலோ வெகுகாலம் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால் இருந்தது. ஆகவே முன்மூடி சரிந்து இறங்கும். 1914-இல் மார்ன் போருக்குப் பாரிசிலிருந்து வீரர்களை ஏற்றிச் சென்ற வாடகை வண்டிகளுக்கும் இதே முகம்தான். நம் படத்திலுள்ளதும் ரெனோ என்பது தெளிவாயிற்று.

ஆனால் எந்த ஆண்டினது? உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். சரிந்த முன்மூடியின் நெற்றியில், நகத்தளவு, சாய்சதுரச் சின்னம் ஒன்று தெரிந்தது. நிறுவனத்தார் 1923-இல் அவ்விடத்தில் வட்டச் சின்னத்தை வைத்தனர். உள்ளிருக்கும் ஊதுகுழலின் ஓசை வெளிவர அதில் கம்பி இடைவெளிகள் இருந்தன. முன்மூடியின் முனைக்கு வட்டம் பொருந்தாததால் 1925-இல் அது சாய்சதுரமாயிற்று. எனவே இப்படம் 1925-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது!

எவ்வளவு பிற்பட்டது என்பதை வண்டி சொல்லாது. அதற்கும் பதிவேடே துணைநின்றது. அந்தக் குருவானவரின் கையொப்பம் 1928-உடன் நின்றுவிடுகிறது. ஆக, 1916-இல் பிறந்த பிள்ளைக்கு அப்போது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது. மிதிபலகையில் நிற்கும் சிறுவனுக்கும் ஏறக்குறைய அந்த வயதே.

பதிவேடு பொய் சொல்லவில்லை. படத்தின் பின்னிருந்த ஆண்டை ஆராயாமல் நம்பியது நம் பிழை. எழுதப்பட்ட ஓர் எண்ணுக்குக் கொடுத்த மதிப்பை, தந்தையின் முகத்தை அறிந்த மகளின் சொல்லுக்கு நாம் கொடுக்கவில்லை.

மறுநாள் திருப்பலி முடிந்ததும் படத்தோடு அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். வண்டியின் சின்னத்தையும் ஆண்டுக் கணக்கையும் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டவர், "வண்டியெல்லாம் எனக்குத் தெரியாது, சாமி. எங்க அப்பா காது அப்படித்தான் விடைச்சிருக்கும்" என்று சிரித்தார்.

சிறுவன் அவரே என்று அறுதியிட்டுச் சொல்ல இன்னும் சான்று இல்லை. ஆயினும், 'இல்லை' என்று சொல்ல நமக்கிருந்த உரிமை போய்விட்டது. விழா மலரில் படத்தின் கீழ், அவர் மகளின் வாக்குப்படி, அந்தப் பிள்ளையின் பெயரை அச்சிட்டிருக்கிறோம்.

கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியா ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்டதும் அறிந்துகொண்டார். நேசிப்பவர்க்குக் குரலோ காதோ போதும். நம்மைப் போன்றவர்க்குத்தான் உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்படுகிறது.