மின்காரும் எர்த் குழியும்

மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் சார்ஜரைப் பற்றி முதலில் கேட்பது, எத்தனை மணி நேரத்தில் சார்ஜ் ஏறும் என்பதைத்தான். கோவையில் வீடுவீடாகப் போய்ச் சார்ஜர் மாட்டித் தரும் வயர்மேன் ஒருவர் முதலில் கேட்பது வேறு: “எர்த் எப்பப் போட்டதுங்க?” அவர் வேலையைக் கூட இருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னேன். “வாங்க. ஆனா பாதி வேலை கடப்பாரை வேலைதாங்க” என்றார்.

சிங்காநல்லூர் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. சார்ஜர் பெட்டி இன்னும் வாங்கவில்லை. எதை வாங்குவது என்பதிலிருந்தே வயர்மேனுடைய வேலை தொடங்குகிறது.

“ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் டீச்சர்?”

“மக கிணத்துக்கடவுக்கு வேலைக்குப் போயிட்டு வர்றா தம்பி. அம்பது வரும்.”

ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்தால் ஏழு யூனிட், சேதாரத்தையும் சேர்த்தால் எட்டு. சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் 3.3 கிலோவாட் கிடைக்கும். இரண்டரை மணி நேரம் போதும். 32 ஆம்பியர், 7.4 கிலோவாட் பெட்டி என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். எப்படியானாலும் இரவு முழுக்க வண்டி சும்மா நிற்கப் போகிறது. அதோடு, சுவரில் மாட்டும் பெட்டி ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றுவதில்லை. அந்தக் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. கார் 3.3 கிலோவாட்தான் வாங்கும் என்றால், எவ்வளவு பெரிய பெட்டி மாட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. டீச்சர் வீட்டுக் கார் 7.2 வரை வாங்கும். வீட்டில் மும்முனை இணைப்பும் இருந்தது. அதனால் ஆம்பியரைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 7.4 பெட்டி என்று முடிவானது.

பெரிய திரையும் வைஃபையும் உள்ள மாடலை ஷோரூமில் காட்டியிருக்கிறார்கள். “அது தூங்கறப்பவும் கரண்ட் திங்கும் டீச்சர்” என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 5 வாட் இழுக்கும் பெட்டி, ஆண்டுக்கு 44 யூனிட் வரை எடுத்துவிடும். அமெரிக்காவில் எனர்ஜி ஸ்டார் முத்திரை பெறும் சார்ஜர்களில் முக்கியமாகப் பார்ப்பதே இந்தச் சும்மா இருக்கும் நேரச் செலவைத்தான். திரை இல்லாத சாதாரண மாடலே போதும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அடுத்தது எர்த். போர்ட்டிகோவில் இருந்த பழைய பிளக்கில், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட் குண்டு பல்பைக் கொடுத்தார். பளிச்சென்று எரிய வேண்டிய பல்பில் இழை மட்டும் லேசாகச் சிவந்தது. பின்பக்கம் போய்ப் பழைய எர்த் குழியைக் கிளறினால், பைப்பில் ஒயர் சேரும் இடம் துருவேறி உதிர்ந்து கிடந்தது. அத்தனை வருடமும் அந்த வீட்டு ஃபிரிட்ஜும் ஹீட்டரும் எர்த் இல்லாமலே ஓடியிருக்கின்றன. “சார்ஜர் எர்த் பாத்துட்டுத்தான் ஆன் ஆகும். அதனாலதான் இன்னிக்கித் தெரிஞ்சுது. இல்லாட்டி யாரு பாக்கப் போறாங்க?” என்றார்.

அவரும் உதவியாளரும் புதுக்குழி தோண்டினார்கள். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், அதைச் சுற்றி ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல். மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும் என்பதால், வெயில் காலத்தில் தண்ணீர் விட வேண்டும் என்று டீச்சரிடம் அழுத்திச் சொன்னார். மறுபடி பல்பைக் கொடுத்தபோது முழு வெளிச்சத்தில் எரிந்தது. அதன் பிறகும் எர்த் மீட்டர் வைத்து அளந்து, ரீடிங்கை நோட்டில் குறித்துக்கொண்டார்.

மீட்டரிலிருந்து போர்ட்டிகோவுக்கு இருபது மீட்டர். ஆறு ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தாமிர ஒயரில் 32 ஆம்பியர் ஓடினால் சுமார் 135 வாட் வெறும் சூடாகப் போகும். பத்து ஸ்கொயரில் அது 80 வாட்டுக்குள் அடங்கும். மிச்சமாகும் யூனிட் பெரிதல்ல. ஒயர் சூடாகாமல் பல ஆண்டு உழைக்கும் என்பதுதான் ஆதாயம். பத்து ஸ்கொயரே இழுத்தார்.

அதைவிட நான் கவனித்துப் பார்த்தது, ஒயர் முனையை அவர் முடித்த விதம். உறையைச் சீவினார், ஒரு இழைகூட அறுபடவில்லை. முறுக்கிச் செருகாமல் லக் போட்டு கிரிம்ப் செய்தார். ஸ்குரூவை முடுக்கி, ஒயரை இழுத்துப் பார்த்து, மறுபடி முடுக்கினார். காரணம் இருக்கிறது. ஒரு லூஸ் கனெக்‌ஷனில் 0.05 ஓம் தடை இருந்தால்கூட, 32 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 51 வாட் சூடு பிறக்கும். சால்டரிங் அயர்ன் 25 வாட்டிலேயே ஈயத்தை உருக்கிவிடுகிறது. மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் மணிக்கணக்கில் இழுக்கும். பாதி உருகிய மூன்று பின் பிளக் ஒன்றை அவர் பையிலேயே வைத்திருக்கிறார், வாடிக்கையாளர்களுக்குக் காட்ட.

கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யிலும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. வழக்கமாக மாட்டுவது ஏ.சி. வகை. காரிலிருந்து டி.சி. கசிந்தால் அது செயலிழந்து போகலாம். ஆகவே குறைந்தது ஏ வகை வேண்டும். 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி சார்ஜருக்குள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பி வகை. மும்முனை இணைப்புள்ள நம் வீடுகளில் ஒரு பேஸ் போனால் வீட்டு லோடு மொத்தத்தையும் இன்னொரு பேஸுக்குத் திருப்பும் சுவிட்ச் உண்டு. கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேஸுக்கு அதைத் திருப்பினால் மெயின் தாங்காது. சுவிட்சுக்குப் பக்கத்திலேயே அதைத் தமிழில் எழுதி ஒட்டினார். கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டிய தாள்களையும் டீச்சரிடம் கேட்டு வாங்கினார்.

இந்த வயர்மேன் ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு எலெக்ட்ரீசியன் படித்தவர். கம்பியாள் தகுதிச் சான்றும் வாங்கியவர். ஏஜென்சி வழியாக வரும் வேலைகளில் பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. குழி தோண்டிய நேரத்துக்கும் அளந்து பார்த்த நேரத்துக்கும் அதில் கணக்கில்லை. அவசரமாக மாட்டிவிட்டுப் போகிறவருக்கும் அதே கூலிதான். இது நியாயமில்லை. உயிரைக் காப்பாற்றும் வேலைக்குக் கூலியே இல்லாவிட்டால், அந்த வேலை நாளடைவில் யார் கையிலும் இருக்காது.

சார்ஜர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் சான்று பெற்ற வயர்மேனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். ஒயர் எத்தனை ஸ்கொயர், ஆர்.சி.சி.பி. எந்த வகை என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். எர்த் குழிக்கான கூலியைப் பேரம் பேசாமல் தனியாகக் கொடுங்கள்.