கீறல் விழுந்த தோடி

சங்கீத விஷயத்தில் நான் ஒரு ஜம்பக்காரன். இதை நீங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுவது கௌரவம். "அந்தப் பாட்டை இசைத்தட்டில் கேட்டேன், பிரமாதம்!" என்று யாராவது சொன்னால் போதும், நான் மெதுவாக, "நேரில் கேட்டதுண்டோ?" என்பேன். "இல்லை" என்பார். அதற்கு மேல் நான் பேசுவதில்லை. ஒரு புன்சிரிப்பு, அவ்வளவுதான். எதிராளி சுருங்கிப் போய்விடுவார்.

இந்த ஜம்பம் எனக்குப் பிதுரார்ஜிதமாக வந்தது. எங்கள் ஊர் கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் கோயில் உற்சவத்தில் என்றால், அப்பா சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். பொழுது விடியும் சமயத்தில் திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, யாருடனும் பேசாமல் தூணைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்று தோடி என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு மாமா ஒரு கிராமபோன் பெட்டி வாங்கிக் கொண்டுவந்தார். கூடவே பத்துப் பன்னிரண்டு தட்டுகள். அவற்றில் ஒன்று ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. அந்தக் காலத்து அரக்குத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலே ஓடும். உடனே எழுந்து திருப்பிப் போட வேண்டும். ஊசியை மாற்ற வேண்டும். சாவி கொடுக்க வேண்டும்.

அப்பா ஒரு பக்கம் கேட்டார். "மூணு நிமிஷத்திலே தோடியா? காவேரியைச் செம்பிலே மொண்டு வச்சுக்கிட்டு, இதுதான் காவேரின்னு சொல்றாப்பலே இருக்கு!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்கா மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். பெரியவளாகிவிட்ட பெண்ணை ராத்திரிக் கச்சேரிக்கு அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. உற்சவ மேளம் எங்கள் தெருவைக் கடந்து போகிற ஐந்து நிமிஷந்தான் அவள் பங்கு. மல்லாரி கேட்கும், பிறகு தேய்ந்துவிடும். அப்பாவும் நானும் மேளத்தின் பின்னாலே போய்விடுவோம். அவள் கதவைத் தாளிட்டுக்கொள்வாள்.

1952-இல் என்று ஞாபகம். எனக்கு எட்டு வயது. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில், சாவி கொடுத்துத் தோடியை வைக்கப் போனேன். கை நழுவி, ஊசி தட்டின் குறுக்கே சர்ரென்று இழுத்துவிட்டது. முதல் பக்கத்தில், ராகம் மேலே ஏறி நிற்கப் போகிற இடத்தில், கீறல். அது முதல் அந்த இடம் வந்ததும் ஊசி ஒரு துள்ளுத் துள்ளி அடுத்த பிடிக்குப் போய்விடும். "நீதானே எப்போ பார்த்தாலும் அதைக் கட்டிக்கிட்டு அழறே?" என்று அம்மா அக்காவைத்தான் திட்டினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

1955-இல் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெட்டியும் தட்டுகளும் அவளோடு போயின. மறு வருஷம் ராஜரத்தினம் பிள்ளை காலமானார். அவரை நேரில் ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற அவள் ஆசை, அந்தத் தட்டுக்குள்ளேயே அடங்கிப் போயிற்று.

நான் பட்டணத்துக்கு வந்தேன். அப்போது நான் கேட்ட கேள்வியை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைக் கேட்டிருக்கிறேன். மதுரை மணி ஐயர் கச்சேரியில் உள்ளே இடமில்லாமல், தெருவில் ரிக்‌ஷாக்காரர்களோடு நின்று ஸ்வரம் கேட்டிருக்கிறேன். பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கி வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு வாசித்த கச்சேரியில், அந்த மிருதங்கத்துக்காகச் சபை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். டிசம்பர் வந்தால் நான் வீட்டில் இருக்கமாட்டேன். இருந்தாலும் வீட்டில் இருப்பவனாக இருக்கமாட்டேன்.

இதற்கிடையில் தட்டுகளின் ஜாதகமும் மாறிற்று. ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு வந்தது. 1963-இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் அப்படி ஒரு தட்டாக வந்து, ஊரெல்லாம் விடியற்காலையில் அதில்தான் கண் விழித்தது. பிறகு காஸெட், பிறகு பளபளவென்று குறுந்தகடு. புதிதாக எது வந்தாலும் வாங்குவேன். வாங்கி, ஒரு தடவை கேட்டு, "நேரில் கேட்ட மாதிரி இல்லை" என்று தீர்ப்புச் சொல்லி அலமாரியில் வைப்பேன். அக்காவுக்குக் கடிதம் எழுதும்போது, "நேற்று அவர் பாடிய காம்போதி இருக்கிறதே, அதையெல்லாம் தட்டில் பிடிக்க முடியாது" என்று எழுதுவேன். "ஒரு டிசம்பருக்கு வாயேன்" என்று மட்டும் எழுதத் தோன்றியதில்லை. பிள்ளைகள், மாமியார், மாடு, அறுவடை என்று அவளுக்கு ஆயிரம் இருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். தீர்மானம் எனக்கும் சௌகரியமாக இருந்தது.

2004-இல் பழைய இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து குறுந்தகடாக்கியிருந்ததைக் கடையில் பார்த்தேன். புரட்டிப் பார்த்தால், அதே தோடி! ஏதோ உறுத்தல். அடுத்த பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் வைத்துக் கேட்டோம். அக்காவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. கண்ணை மூடிக்கொண்டு கூடவே முனகினாள். கீறல் இடம் நெருங்கியது. என் வயிறு கலங்கியது. அவள் வழக்கப்படி அந்த இடத்தில் ஒரு துள்ளுத் துள்ளி அடுத்த பிடிக்குப் போய்விட்டாள். ஐம்பது வருஷப் பழக்கம்! ஆனால் நாகஸ்வரம் துள்ளவில்லை. அவள் தாண்டிப் போன இடத்தில் நின்று, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு வந்து அவளோடு சேர்ந்துகொண்டது.

அக்கா கண்ணைத் திறந்தாள். "இத்தனை நாளா இது உள்ளேயே இருந்திருக்குடா" என்றாள்.

"அக்கா, அந்தக் கீறல்..."

"நீ போட்டதுதானே? அன்னிக்கே தெரியும். தூணுக்குப் பின்னாலே உன் காலு தெரிஞ்சுது."

எனக்குப் பேச வாய் வரவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "அப்பா சொல்வாரே, செம்புக் காவேரி என்று..." என்றேன்.

"செம்புலே இருந்தாலும் அது காவேரித் தண்ணிதானேடா? ஆத்துக்குப் போக முடியாதவ வேறே என்ன செய்வா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மோர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். நான் இத்தனை வருஷமாகப் புன்சிரிப்புச் சிரித்த அத்தனை பேரும் அந்தக் கூடத்தில் வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டாற்போல இருந்தது.

மூன்று வருஷம் கழித்து, அக்காவின் முழங்காலும் என் சோம்பலும் ஒருவழியாக இடங்கொடுத்த ஒரு டிசம்பரில், அவளைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். ஒரு சபாவில் சாயங்கால நாகஸ்வரக் கச்சேரி. இரண்டாவது வரிசை. வித்வான் சீவாளியை நனைத்துச் சரி பார்த்தார். தோடியையே எடுத்தார்.

மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அக்காவின் வலது கை மடியை விட்டு எழுந்து முன்னே போயிற்று. பெட்டியைத் தேடுகிறது! தட்டைத் திருப்பிப் போட வேண்டுமே! அவளே அதைக் கவனித்து, வெட்கப்பட்டு, கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். ஆனால் நாதம் நிற்கவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரைமணி என்று போய்க்கொண்டே இருந்தது. அவளுக்குத் தெரிந்த பிடி ஒன்றை நோக்கி வித்வான் ஏறிக்கொண்டே வந்தார். அக்கா முன்னால் சாய்ந்தாள். அவரோ வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே நுழையாமல் வேறு சந்தில் திரும்பிவிட்டார்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தட்டுன்னா அடுத்தது என்னன்னு தெரியும். இங்கே ஒண்ணும் தெரியல்லே. பயமா இருக்குடா" என்றாள். முகம் மட்டும், பதினைந்து வயசில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முகமாக இருந்தது.

நேர்க்கச்சேரியின் ரகசியம் இன்னதென்று நானும் எத்தனையோ பேரிடம் அளந்திருக்கிறேன். என் எழுத்தில்கூட வந்திருக்கிறது. 'பயமா இருக்குடா' என்ற அளவுக்குச் சரியாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொன்னவள் வாழ்நாளில் அன்றுதான் ஒரு கச்சேரி முழுக்கக் கேட்டாள். கேட்பதற்கு அவளைத் தயார் செய்து வைத்திருந்தது, நான் இளப்பமாக நினைத்த அந்தச் செம்புத் தண்ணீர்தான்.

2016-இல் அக்கா போய்விட்டாள். தட்டு என்னிடம் வந்துவிட்டது. வாசிக்கப் பெட்டி இல்லை. இன்றைக்கு அந்தத் தோடியைக் கேட்க எனக்கு டெலிபோனே போதும். புதிய பாட்டு எது வெளியானாலும் அடுத்த நிமிஷம் சட்டைப் பைக்குள் வந்துவிடுகிறது. காதில் செருகிக்கொண்டு பஸ்ஸில் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் முன்போல எனக்குச் சிரிப்பு வருவதில்லை. யார் யாருக்கு ஆறு எவ்வளவு தூரமோ!

ஒரு வழக்கம் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். டிசம்பரில் எந்தக் கச்சேரிக்கும் இரண்டு சீட்டாக வாங்குகிறேன். போன வருஷம் அக்காவின் பேத்தியை அழைத்துப் போனேன். ராகம் ஆரம்பித்து நாலாவது நிமிஷத்தில், "இன்னும் எவ்வளவு நேரம் தாத்தா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன். அதைவிட உண்மையான பதில் எனக்குத் தெரியவில்லை.